முக்கொம்பு எச்சரிக்கைக் கணினியில் நீக்கியவற்றைத் திரும்ப ஏற்றும் ஆணைக்கு எதிரான மனு

அனுப்புநர்
மா. ஹரிஹரசுதன்,
முதுநிலைக் கணினி அலுவலர்,
ஆற்றோர எச்சரிக்கை மையம், மன்னார்புரம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஆற்றோர எச்சரிக்கை மையம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பழைய கன்டெய்னர் இமேஜை மீண்டும் நிறுவும் ஆணையையும், பொறியாளர் செல்வி வெ. சுப்ரஜாவுக்கு வழங்கிய குறிப்பாணையையும் ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மதகு திறக்கும்போது கரையோரத்தாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நம் மென்பொருள், தனக்கு வேண்டியவை அனைத்தும் சேர்த்துக் கட்டிய ஒரே பொதியாக முக்கொம்பு மேலணையில் உள்ள கணினிக்குப் போகிறது. இந்தப் பொதியே இமேஜ். அங்கே சிக்னல் மோசம். பழைய பொதி மிகப் பெரிது. திருத்தம் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். சென்ற ஆண்டு அப்படி நின்றதால், கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த பிறகே செய்தி வந்தது. ஆடு மேய்த்த மயிலம்மாள் இடுப்பளவு நீரில் கரையேறினார். ஆடுகள் ஏறவில்லை.

2. வேண்டாதவற்றைப் பொதியின் கடைசிப் படியில் நீக்குவது தலைமைப் பொறியாளரின் வழக்கம். இமேஜ் அடுக்கடுக்காக அமைவது. மேலடுக்கில் நீக்கியது கண்ணுக்கு மறையும். கீழடுக்கில் அப்படியே கிடந்து எடை கூட்டும். இதை எழுத்தில் தெரிவித்தேன். பதில் வரவில்லை. பதவி உயர்வும் வரவில்லை; அது வேறு மனு.

3. சுப்ரஜா நிறுவுவதையும் நீக்குவதையும் ஒரே அடுக்கில் முடித்தார். தேவையற்ற துணை மென்பொருள்களை விலக்கும் கட்டளையை அவர் இயக்கியபோது அருகில் இருந்தேன். எது பெயர் சொல்லிக் கேட்டு வந்தது, எது இன்னொன்றுக்குத் துணையாக வந்தது என்று கணினியை இயக்கும் லினக்ஸ் ஒவ்வொன்றைப் பற்றியும் நினைவு வைத்திருக்கிறது. அழைத்து வந்தது போனதும், வேறு எவருக்கும் தேவைப்படாத துணைகள் தாமாக வெளியேறின. பொதி பத்தில் ஒரு பங்கானது. இத்தனை ஆண்டுப் பணியில் நான் வியந்தது அன்றுதான். யார் எதற்காக இருக்கிறார்கள் என்று இவ்வளவு தெளிவாக அறிந்த அமைப்பை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

4. புதிய பொதியை இயக்கிப் பார்த்த ஒத்திகையில் செய்தி போகாதது உண்மை. பதிவிறக்கக் கருவி ஒன்றை நீக்கியபோது, அதற்குத் துணையாக வந்திருந்த பாதுகாப்புச் சான்றிதழ்களும் போய்விட்டன. குறுஞ்செய்தி நிறுவனத்தின் கணினி உண்மையானதுதானா என்று சரிபார்க்க வழியில்லாததால், மென்பொருள் அனுப்ப மறுத்தது. அந்த மறுப்பும் எனக்கு வியப்பே. சான்றிதழ்களைப் பெயர் சொல்லி நிறுவி, சுப்ரஜா அன்றே சரிசெய்தார். அதற்குள் தலைமைப் பொறியாளர், “பெருக்குறேன்னு வந்து வாசக்கதவையே கழட்டிட்டாங்க” என்று எல்லோர் முன்பும் சிரித்தார், பழைய பொதியையே நிறுவ ஆணையிட்டார், சுப்ரஜாவுக்குக் குறிப்பாணையும் தந்தார்.

5. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமிருக்காது. அன்று மதகு திறந்தால், பழைய பொதியை நம்பி அந்தக் கூட்டத்தை விடலாகாது. புதியதைத் தங்கள் முன்னிலையில் ஒருமுறை இயக்க அனுமதித்து, அதன் பிறகு முடிவெடுக்க வேண்டுகிறேன். மீண்டும் தவறினால் குறிப்பாணையை என் பெயருக்கு மாற்றுங்கள். அந்தப் பெண்ணின் பணிப்பதிவேடு இன்னும் சுத்தமாக இருக்கிறது. என்னுடையதில் ஒன்று கூடினால் எவரும் கவனிக்கப் போவதில்லை.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 24.07.2025

இப்படிக்கு,
மா. ஹரிஹரசுதன்