எழவுக் கடுதாசி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதிக்காக அப்பா அந்தக் காலத்தில் எழுதிய இரங்கல் கடிதத்தின் நகல், நான் கேட்டிருந்தபடி அங்குள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து இன்று வந்தது. ஓரத்தில், பதில் அனுப்பியதாகக் குறிப்பு. சாகும்வரை ரிஷிவந்தியம் தபால்காரரிடம் அப்பா கேட்டுக்கொண்டிருந்த பதில்.

அம்மாவிடம் விசாரித்தேன்.

"வெளிநாட்டுக் கவரா? உள்ள கறுப்புக் கரை போட்ட அட்டை இருந்திச்சி. எழவுக் கடுதாசிய வூட்டுல வெக்கலாமா? அப்பவே கிழிச்சி தெருவுல போட்டுட்டேன். அவராண்ட சொல்லல."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்கப்பாரு கேட்டுக்கினே இருந்தாரே, அதுவாடா?"

"இல்லம்மா, அது வேற."

நகலைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அப்பாவின் கையெழுத்தை இனி அவளுக்குக் காட்ட முடியாது.