அவருக்காக வாங்கிய ராக்கெட்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று என் வீட்டுக்காரரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கேபிள் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் அங்கே தரப் பரிசோதகராக இருந்த மனிதர், இப்போது சோபாவில் உட்கார்ந்து அதன் தரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார். "ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கோங்க சார், கைக்கு வேலை இருக்கணும்" என்றார் டாக்டர். இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சோபா.

பிப்ரவரி 6, வெள்ளி

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு மாதிரி ராக்கெட் பெட்டி வாங்கினேன். அட்டைக் குழாய், மெல்லிய மரத்தகட்டில் வெட்டிய மூன்று இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, கைக்குட்டை அளவில் ஒரு பாராசூட், விரல் நீளத்துக்கு வெடிமருந்து அடைத்த குழல். நிஜமாகவே பறக்குமாம்.

"எத்தனை வயசுப் பையனுக்கு மேடம்?" என்றார் கடைக்காரர்.

"அம்பத்தி நாலு."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பத்து வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. பிரச்சினை இல்ல."

வீட்டில்தான் பிரச்சினை. "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 14, சனி

ஒரு வாரம் பொறுத்தேன். இன்று நானே பிரித்தேன். அவர் கண் முன்னால் ஓர் இறக்கையை வேண்டுமென்றே கோணலாக ஒட்டினேன். நூலிழை வித்தியாசத்துக்கு ஒரு லாரி கேபிளைத் திருப்பி அனுப்பியவர், இதை எப்படிப் பொறுப்பார்? பார்த்தார். எழுந்தார். வந்துவிட்டார் என்று நினைத்தேன் — ரிமோட் எடுக்க.

பிப்ரவரி 15, ஞாயிறு

அதைப் பிய்த்து நேராக ஒட்டினேன். இதுவும் கோணல். இது வேண்டுமென்றே அல்ல.

பிப்ரவரி 19, வியாழன்

ராக்கெட்டின் எடை சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டி, தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் ஒழுங்காகப் பறக்கும். கூடத்தில் நின்று சுழற்றினேன். மூக்கு முன்னால்தான் பார்த்தது. விளக்கும் முன்னால்தான் இருந்தது.

"அந்த விளக்கு உன்னை என்ன பண்ணிச்சு?"

இந்த வாரம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

அவருக்காகத்தானே ஆரம்பித்தேன்? பிறகு ஏன் இன்று அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ராக்கெட் மூக்குக்குள் எடைக்கு எவ்வளவு களிமண் அடைக்கலாம் என்று யோசித்தேன்?

பிப்ரவரி 24, செவ்வாய்

மைதானத்தில் ராக்கெட் விட, தீப்பாதுகாப்பு அனுமதி வேண்டும். அந்தப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான்தான். என் விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது. மைதானத்தின் வரைபடம் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பினேன். அனுப்பியவளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

வரைபடம் இணைத்து, அனுமதியும் கொடுத்தாயிற்று. முதல் ராக்கெட். அவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். காரை விட்டு இறங்கவில்லை. பற்றவைக்கும் கம்பியை மாட்டியது, ஐந்து நான்கு மூன்று எண்ணியது, பொத்தானை அழுத்தியது எல்லாம் நானே.

போயே போய்விட்டது.

உச்சியில் பாராசூட்டும் வெளியே வந்தது — உருகி, கசக்கிய மிட்டாய்த் தாள் மாதிரி. ராக்கெட் ஈட்டியாக இறங்கி மண்ணில் குத்தி நின்றது.

கார்க் கண்ணாடி இறங்கியது. "பாராசூட்டுக்குக் கீழ தீப்பிடிக்காத காகிதம் வைக்கணும். ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு."

அப்படியென்றால் படித்திருக்கிறார். எப்போது? நான் வேலைக்குப் போன பிறகா? வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை நான். கேட்டால் கெட்டுவிடும்.

மார்ச் 11, புதன்

அடுத்ததைச் சேர்ந்து செய்யலாம் என்று மேசையருகே இரண்டு நாற்காலி போட்டேன். இரண்டாவதில் பசை டப்பா உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறார். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் நேர்காணலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏங்க, என்ன திடீர்னு?"

"நாள் முழுக்க இந்தப் பசை நாத்தத்துல உட்கார முடியல. தும்மினா இறக்கை பறக்குது, நடந்தா நூல் தடுக்குது. மனுஷன் இருக்கிற வீடா இது?"

கோபம் வந்தது. ஆனால் பெயின்ட் அடித்த குழாய்களை நான் சோபாவில்தான் காயப்போட்டிருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. டாக்டரின் வைத்தியம் பலித்தது. மருந்தைச் சாப்பிட்டது மட்டும் நான்.

மார்ச் 29, ஞாயிறு

அவருக்கு இன்று ஷிப்ட். இரண்டாவது ராக்கெட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பொத்தானை அழுத்தினேன். நேராக, கோடு கிழித்த மாதிரி. உச்சியில் சிவப்பாக விரிந்தது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடப் போய்விட்டார். காட்ட வேறு ஆள் இல்லை. காற்று அதை மெதுவாக மதில் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

போன் அடித்தது. அவர்.

"மேல போச்சா?"

"போச்சு."

"பாராசூட்?"

"விரிஞ்சுது."

பின்னால் இயந்திரச் சத்தம்.

"இறங்க எத்தனை செகண்ட் ஆச்சு?"

"எண்ணலைங்க."

"அதக்கூட எண்ண வேணாமா நீ? சரி, மணி அடிச்சிட்டாங்க." வைத்துவிட்டார்.

ஒரே கூடத்தில் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்து கேட்காதவர், பதினாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கேட்கிறார். ராக்கெட் மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ விழுந்திருந்தது. தேடப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், போனைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.