ராகு காலத்து டப்பாக்கள்

செவ்வாய், ராத்திரி.

சித்தூர்ல எங்க மாம்பழக் கூழ் ஃபேக்டரி குவாலிட்டி மேனேஜர் ராகு காலத்துல சேம்பிள் எடுக்க மாட்டார். மிஷின் ஓட்டறவங்க எல்லாருக்கும் இது தெரியும். அந்த நேரம் பார்த்து வேகமா ஓட்டி, கூழைக் கொறைச்சு அடைக்கிறாங்க.

இன்னிக்கு அந்த நேரத்துல நானே அஞ்சு டப்பா எடுத்து எடை போட்டேன். அஞ்சும் கம்மி. டப்பா எடையைக் குறிக்கிற சார்ட்டுல புள்ளி வைக்கப் போனேன்.

"ராகு காலத்துல எடுத்தது கணக்குல வராதும்மா"ன்னு மேனேஜர் பேனாவைப் புடுங்கிக்கினார்.

சாயங்காலம் திருப்பதியிலேருந்து சரக்கு வாங்க வந்தவர்கிட்ட அதே சார்ட்டைக் காட்டி, "பாருங்க, கோடு எப்படி நேரா போய்க்கினு கீது"ன்னு பெருமை வேற. புள்ளியியல் படிச்ச ஆளாம்.

ராகு காலத்துல அடைச்ச டப்பாவை விக்கறதுக்கு மட்டும் அவருக்கு ஒரு தோஷமும் இல்ல.