சுவர் மேல் கிடந்த சிறகுகள்

அக்கா,

இன்று சாயங்காலம் அம்மா தன் பட்டுப் புடவையை எடுத்து வரச் சொன்னாள். டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை குப்பென்று வந்தது. என் பாவாடைகளுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேனே, அப்பாவின் பழைய பத்து முழ வேட்டி, அதிலிருந்துதான். எத்தனை முறை வெயிலில் போட்டும் போகவில்லை. ஒரு கணம் நீ பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டு என் பின்னால் நிற்பதுபோல இருந்தது.

"என்னடி இது, கெரசின் நாத்தம்?" என்றாள் அம்மா.

"பெட்டி பழசும்மா."

"பெட்டி பழசானா துரு நாத்தம் வரும். கெரசின் நாத்தம் எப்படிடி வரும்?"

நல்லவேளை, அப்பா கூப்பிட்டார். தப்பித்தேன்.

நாளைக்குத் தாத்தாவின் திவசம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எல்லோரும் தூங்கியாகிவிட்டது. நான் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கதவிடுக்கில் கோணி அடைத்திருக்கிறேன், வெளிச்சம் கூடத்துக்குத் தெரியக்கூடாது என்று. சிம்னி விளக்கின் புகை போக ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கின் மேல் கையைக் குவித்துக்கொள்கிறேன். கை சுடுகிறது.

"இன்னிக்கு ராத்திரி தோட்டப் பக்கம் யாராவது விளக்கை ஏத்தினேள்னா அப்புறம் என்னைக் கேக்கப்படாது" என்று அம்மா சாப்பிடும்போதே சொல்லிவிட்டாள். யாராவது என்றால் யார்? நான்தானே. இந்த வீட்டில் விளக்கேற்றி விட்டில் பூச்சி பார்க்க இனி வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா, அவர்கள் உன்மேல்தான் பழி போடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. முதலிலிருந்து யோசித்துப் பார்த்தால் ஆரம்பித்து வைத்ததே அப்பாதான். நீ காலேஜிலிருந்து பூச்சியைக் கொல்கிற புட்டியைக் கொண்டுவந்தாய். அப்பா அதைக் கையில் வாங்கி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம ஆத்துல ஜீவஹிம்சை கூடாது. பாக்கறதுன்னா பாரு, எழுதறதுன்னா எழுது. எல்லாத்தையும் உயிரோட விட்டுடணும்" என்றார். நீ ஒப்புக்கொண்டாய். புட்டி திரும்பப் போயிற்று. அதற்குப் பதிலாகக் கொடியில் வேட்டி வந்தது. அதன் முன்னே மாமா கல்யாணத்துக்கு வாங்கிய பெட்ரோமாக்ஸ், அதன் கீழே வாழைச் சருகு போட்ட மூங்கில் கூடை.

வேட்டியில் வந்து உட்காருகிறவற்றை நான்தான் பிடிப்பேன். உனக்குப் பூச்சி மேலே பட்டால் ஆகாது. "ஐயோ, மூஞ்சிக்கே வரதுடி, எடுடி, எடு!" என்று பென்சிலோடு துளசி மாடம் வரை ஓடுவாய். விலங்கியல் படிக்கிறவள் நீ, பயமில்லாதவள் நான். அப்போது அதை நினைத்து எவ்வளவு சிரித்தோம்! விடியற்காலையில் வந்த பால்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனம்மா, டெண்ட் சினிமாவா? டிக்கெட் எஷ்டு?" என்று பாதிக் கன்னடத்தில் விலை கேட்டார். "பால்ல தண்ணி ஊத்தாதவாளுக்கு ஃப்ரீ" என்றாய் நீ. அன்றைக்குப் பால் கெட்டியாக வந்தது.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதுவாய். முதலில் அளவு, பிறகு நிறம், முன் சிறகு, பின் சிறகு, உட்காரும் விதம். எது எங்கே இருந்தது, எங்கே விட்டோம். நான், "பாவம், தூக்கம் வரது போலிருக்கு அதுக்கு" என்று சொன்னால் பென்சிலால் தலையில் தட்டுவாய். "பாத்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே." அவற்றின் சரியான பெயர் நமக்குத் தெரியாது. அதனால் நாமே வைத்தோம்: நெற்றியில் வெள்ளைக் கோடு போட்டது நாமக்காரர், ஓரத்தில் மினுக்குவது ஜரிகைக்கரை, தினமும் தவறாமல் வருகிற பழுப்பு நிறத்தது காபிப்பொடி.

ஒரே ஒரு இரவு பச்சையாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக, வால் நீண்டது ஒன்று வந்தது. நீ படம் வரைந்துகொண்டு போய்க் காட்டினாய். "அது காட்டில் இருப்பது, ஊருக்குள் எப்படி வரும்? ஊசி குத்தின பூச்சி எங்கே?" என்று கேட்டார்களாம் காலேஜில். நீ திரும்பி வந்து காபி கூடக் குடிக்கவில்லை. "மாதேஸ்வரன் மலைக் காட்டில ஒரு ராத்திரி வேட்டியைக் கட்டினா போதும்டி, எத்தனை வரும் தெரியுமா" என்றாய். அப்பாவிடம் கேட்டாய். பெண்கள் காட்டில் இரவு தங்குவதா என்று ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வீட்டில் கொல்லக்கூடாது, காலேஜில் கொல்லாவிட்டால் நம்பமாட்டார்கள், காட்டுக்கும் போகக்கூடாது. நீ என்னதான் செய்திருக்க முடியும்?

உயிரோடு விட்டோம், சரி. எங்கே விட்டோம்? கொல்லைச் சுவர் மேல். இளவெயில் பட்டால் சீக்கிரம் பறந்து போகும் என்றாய். நானும் ஆமாம் என்றேன். அம்மா தினமும் காக்கைக்குச் சாதம் வைக்கிற அதே சுவர். விடிந்தபின் பூச்சிகளுக்குப் பறக்கத் தெம்பு இருப்பதில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாம் கையைக் கூப்பி, "போய்ட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போவோம். பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷத் திவசத்துக்கு முந்தின இரவு மழை விட்டு, நிலவும் இல்லாமல், கூடை நிறைந்துவிட்டது. காலையில் வரையக்கூட நேரமில்லை. "அப்படியே கொட்டுடி, அம்மா குளிக்கச் சொல்றா" என்றாய். கொட்டினேன்.

மத்தியானம் பிண்டத்தை இலையில் வைத்து அதே சுவருக்குக் கொண்டு வந்தார்கள். அப்பா ஈர வேட்டியோடு "கா, கா" என்று கூப்பிடுகிறார். வைதீகர்கள் கூடத்தில் காத்திருக்கிறார்கள். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. காக்கைகளோ பக்கத்து வீட்டு நாவல் மரத்தில் உட்கார்ந்து மூக்கைக் கிளையில் துடைத்துக்கொள்கின்றன. ஒன்றுகூட இறங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதேடி, செத்தோம்" என்று நீ என் கையைக் கிள்ளினாய். அப்போதுதான் நீ சுவரைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். சுவர் மேலும் கீழும் சிறகுகள், வெறும் சிறகுகள். உடம்பு ஒன்றுகூட இல்லை.

"பித்ருக்களுக்கு ஏதோ குறை இருக்கு" என்றார் பெரிய வைதீகர். அப்பாவின் முகம் கறுத்தது.

நான் கை நிறையச் சிறகுகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். "அப்பா, காக்காய்க்கு வயறு ரொம்பியிருக்கு, அவ்வளவுதான். இதைப் பாருங்கோ—"

"தள்ளி நில்லு! மடியா இருக்கேன்."

அவர் பின்னால் நகர்ந்தார். என் கையில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. என் கை பட்டுவிடுமோ என்பதைத்தான் பார்த்தார். கடைசியில் பிண்டத்தைப் பசுவுக்கு வைத்தார்கள். "அப்பா முதல்ல சாப்பிடட்டும்டி, அப்புறம் நான் சொல்லிக்கறேன்" என்றாய் நீ. சாயங்காலம் அப்பாவிடம் பூச்சிகளைப் பற்றிச் சொன்னாய். "காக்காய்க்குப் பசி இல்லையாம்! தாத்தாவுக்கே சமாதானம் சொல்ல வந்துட்டா" என்று அத்தை சொல்ல, அப்பா எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர், தண்ணீரால் வருவது என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னார், நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஆனால் யாராவது துக்கம் கேட்க வந்தால் அம்மா தண்ணீரைப் பற்றிச் சொல்வதில்லை. "தோட்டத்துல ராத்திரி ராத்திரியா விளக்கை ஏத்தி எதையோ கூப்பிட்டா. வந்துடுத்து" என்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் காய்ச்சின தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர், இது சுதந்திர நாடு, யாரும் எதையும் கேட்கலாம் என்கிறார். இங்கே ஒரு காக்கையைப் பற்றிப் பேச முடியவில்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கு இப்போதே தெரியும். பெட்ரோமாக்ஸை மாமா வீட்டுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. சுவர் வெறுமையாக இருக்கும். காக்கை பசியோடு வரும். வந்ததும், "பாத்தேளா, விளக்கை நிறுத்தினப்புறம் பெரியவாளுக்குத் திருப்தி" என்பார்கள். உன்மேல் போட்ட பழி உறுதியாகிவிடும். ஒருவேளை வராமல் போனால், நான் ரகசியமாக விளக்கேற்றினேன் என்று என்னைப் பிடிப்பார்கள். டிரங்குப் பெட்டியைக் குடைவார்கள். வந்தாலும் போச்சு, வராவிட்டாலும் போச்சு. இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆளில்லை, அக்கா.

இங்கே எழுதுவதை நிறுத்த வேண்டியிருந்தது. ஜன்னல் வழியே ஒன்று உள்ளே வந்து சிம்னியைச் சுற்றிச் சுற்றி முட்டியது. அந்தப் பச்சை இல்லை. நம் காபிப்பொடிதான். கண்ணாடியில் சுட்டுக்கொள்வதற்குள் பிடித்துவிட்டேன். உள்ளங்கைக்குள் குறுகுறுத்தது. சொல்லச் சொல்ல எழுத நீ இல்லை. அதனால் ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்; பயத்தாலும்தான்.

நாளைக்குக் காக்கை இறங்கும்போது சுவர் வெறுமையாக இருந்தது என்று சொல்லப்போகிறேன். போன வருஷம் நிறைந்திருந்தது என்றும் சொல்லப்போகிறேன். அப்பா மடியாக இருந்தால் தூர நின்று சொல்கிறேன். குரல் வருமா என்று தெரியாது. ஆனால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

இனி உனக்கு வேண்டியது, நீ கேட்கிற வரிசையில்:

அளவு, கட்டைவிரல் நகம். நிறம் பழுப்பு. முன் சிறகில் இரண்டு கோடுகள், வெளிக்கோடு வளைந்தது. பின் சிறகு வெளிறியது, ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. சிறகைக் கூரைபோல மடித்து உட்காருகிறது. இருந்த இடம், சாமான் அறை விளக்கு. விட்ட இடம், ஜன்னல் கம்பிக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்குள், இலைக்கு அடியில், இருட்டில்.

சுவர் மேல் இல்லை, அக்கா.