வலது கண்ணில் தெரிந்த மஞ்சள்

ஜூன் 3
எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். கட்டுப் பிரித்ததும் கழுகுப் பார்வை வரும் என்றேன், வந்துவிட்டது. கண் டாக்டரம்மா அசந்துபோய், "உங்க கண்ணை மாதிரி என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை" என்றார். (அப்படிச் சொல்கிற மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டார்.) வலது கண் புரை போயிற்று, இடது அடுத்த மாதம். வீட்டுச் சுவர் வெள்ளை! இத்தனை நாளாக மஞ்சள் என்றல்லவா நினைத்திருந்தேன். பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினிலிருந்து என்னைக் கிளப்பி பில் போட உட்காரவைத்த முதலாளிக்கு இருக்கிறது கச்சேரி.

ஜூன் 5
என் வீட்டுக்காரி, இவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது. சொட்டு மருந்தின் வேலையோ என்று சுவரைப் பார்த்தேன். சுவர் வெள்ளை. மறுபடி இவளைப் பார்த்தேன்.
சொன்னால் சிரிக்கிறாள். "உங்களுக்கு எதுதான் மஞ்சளா தெரியல? வெள்ளை கேட்டவங்களுக்கெல்லாம், மஞ்சளடிக்குது மஞ்சளடிக்குதுன்னு நீலத்தை ஊத்திக் குடுத்தவர்தானே?"

ஜூன் 6
கடையிலிருந்து பெயிண்ட் கலரெல்லாம் அச்சடித்த ஷேடு கார்டு கொண்டுவந்து அவள் முகத்தருகே பிடித்தேன். "நான் என்ன சுவரா? போங்க அந்தப் பக்கம்!"

ஜூன் 9
மைத்துனியின் மகளுக்குப் போன் செய்தேன். உன் பெரியம்மா கண் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது, கரண்ட் போனால் விளக்கே வேண்டாம் என்றேன்.
"ரீல் விடாதீங்க பெரியப்பா!"
அந்த விளக்கைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு எதையும் வெறுமனே சொல்ல வராதே!

ஜூன் 17
சோறு இறங்கவில்லை இவளுக்கு. உடம்பெல்லாம் அரிப்பு. கையில் சொறிந்த கோடு ஒவ்வொன்றும் தெரிகிறது. இதைப் பார்க்கவா எனக்குக் கண் வந்தது?

ஜூன் 18
மறுபடி போன். "கொஞ்சம் வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள்.

ஜூன் 24
கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டதாம். பித்தம் இறங்கக் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.
"எப்பலேருந்து மஞ்சள் இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.
நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் உலகமே மஞ்சளாக இருந்ததே.

ஜூலை 8
இடது கண்ணுக்குத் தேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டால் சுவரும் மஞ்சள், தலையணையும் மஞ்சள், இவளும் மஞ்சள். எல்லாம் ஒன்றுபோல. அப்போது பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாள்.
"என்னங்க, இந்த வயசுல கண்ணாமூச்சியா?" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

ஜூலை 20
காலையில் போய்விட்டாள்.
போகுமுன் என் கையைப் பிடித்து, "நீங்க சொன்னதுதாங்க சரி. உங்க பார்வை யாருக்கும் வராது" என்றாள். வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நம்பினார்கள்.

ஜூலை 23
மைத்துனியின் மகள் அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு அழுதாள். சொன்னேன்.
இவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு வருவதற்குள் கண்ணை மூடியிருந்தாள்.