ஏழுக்கு ஒன்று, ஆனால் கணக்கில் இல்லை

ஜனவரி 12, திங்கள்

கெஸ்ட் ஹவுஸில் இன்று கூட்டம் இல்லை. ரிசப்ஷன் வேலைக்கு நடுவே, இங்கே தங்கியிருக்கும் ஹெல்கா அம்மாவின் ஊர்க் கால்பந்துக் கிளப்பைப் பற்றிப் படித்தேன். எங்கள் பெண்கள் அணிக்கு ஜெர்மனியிலிருந்து கிளாட்பாக் கிளப் ஜெர்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். போட்டுக்கொண்டு ஆடுகிறோம், கதை தெரிய வேண்டாமா?

யுஇஎஃப்ஏ கோப்பை இரண்டு முறை, 1975லும் 1979லும். நடுவில் 1977இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை போய் லிவர்பூலிடம் தோல்வி. அதெல்லாம் சரி. 1971தான் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. இன்டர் மிலானை 7-1 என்று துவைத்து எடுத்திருக்கிறார்கள். கூட்டத்திலிருந்து வந்த ஒரு குளிர்பான டப்பா இன்டர் ஆட்டக்காரர் ஒருவர்மேல் பட்டது, அவர் விழுந்தார். ஆட்டமே செல்லாது என்றுவிட்டார்கள்! பிறகு மிலானில் 4-2 தோல்வி, பெர்லினில் மறு ஆட்டம் 0-0, கிளாட்பாக் வெளியே. ஏழு கோலும் போச்சு. அந்த ஆட்டக்காரருக்கு நிஜமாகவே அடிபட்டதா என்று இன்றுவரை சண்டையாம்.

ஹெல்கா அம்மாவிடம் கத்தினேன். தன் அப்பா சாகும்வரை அந்த ஏழு கோலை விட்டுக்கொடுக்கவில்லை என்று சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 18, ஞாயிறு

செல்லாதாம்! கீழ்பென்னாத்தூருக்கு எதிராக மாவட்ட இறுதி, 5-0, அதில் மூன்று நான் அடித்தது. செல்லாதாம்!

எல்லாம் எங்கம்மா ஜோதியம்மாளால். ஐந்தாவது கோல் அடித்துவிட்டுக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடினேன். அங்கே நின்ற அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, எலுமிச்சம்பழத்தால் தலையை மூன்று சுற்று சுற்றி, தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பழம் போய் அவர்கள் கீப்பர் வினோதினியின் இடது கண்ணில் பட்டது. அவள் சுருண்டு விழுந்தாள்.

மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு. ஜெயிக்கிற அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். பார்வையாளர் யாரும் வரக் கூடாது.

அம்மாவிடம் சண்டைக்குப் போனால், "இன்னாடி பண்ணச் சொல்ற? திஷ்டி கழிச்சா திரும்பிப் பாக்கக் கூடாது. யார் மேல பட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜனவரி 19, திங்கள்

அம்மாவோடு பேசவில்லை. பேசப் போவதும் இல்லை.

ஜனவரி 21, புதன்

ஆட்டத்தை ரத்து செய்த மாவட்டக் கமிட்டியின் செயலாளர் தருமன் சாரைப் பார்க்க வேங்கிக்கால் வரை போனேன். ஒரு பழத்துக்கா சார் அஞ்சு கோலும் போச்சு, அவ நடிக்கிறா சார் என்றேன்.

"நீ போய்ப் பாத்தியாம்மா?" என்றார்.

எதற்குப் பார்க்க வேண்டும்? விழுந்த விதத்திலேயே தெரியாதா?

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த வினோதினியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்! "கண்ணு ரத்தமா கெடக்குடி. வேற கீப்பர் இல்லைன்னு அவளையே எறக்கப் போறாங்களாம்."

"அவளையே பொண்ணா வச்சுக்கோ, போ."

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, சொன்னது சொன்னதுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

1-0. ஜெயித்துவிட்டோம். இது செல்லும்.

முதலில் வினோதினியின் கண் சிவப்பைப் பார்த்து, கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அரை மணி நேரம் போனபிறகுதான் கவனித்தேன். இடப்பக்கம் பந்து வந்தால் அவள் தலையை முழுதாகத் திருப்புகிறாள். வலப்பக்கம் அப்படி இல்லை. அதை எங்கள் அணியில் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கடைசி நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. வலப்பக்கமும் திறந்துதான் கிடந்தது. நான் அவளுடைய இடப்பக்கம் அடித்தேன்.

அவள் அசையவே இல்லை. எங்கள் பெண்கள் என்மேல் விழுந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் தன் அணிப் பெண்ணிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"எந்தப் பக்கம்டி வந்துச்சு?"

சே. என்ன செய்தேன் நான்?

ஜனவரி 26, திங்கள்

எத்தனை கோல் என்று ஹெல்கா அம்மா கேட்டார். ஜெயித்தோம் என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் அம்மா கூடையில் ஆப்பிள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும். "நானும் வரேம்மா" என்றேன். கூடையை என் கையில் கொடுத்தாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். வழியெல்லாம் நின்றுகொண்டே போனோம்.