தலைவரை விட்டுவைக்கச் சொன்னார்கள்

செவ்வாய், இரவு

எங்கள் லண்டன் கவுன்சிலின் தலைவர், வசதியில்லாத சனத்துக்கான கவுன்சில் வீடுகளைத் தன் சொந்தக்காரருக்குக் கொடுத்தது அம்பலமாகிவிட்டது. அவரை நீக்க நாளைக்கு வாக்கெடுப்பு. அவருடைய கட்சியிலேயே சிலர் அவருக்கு எதிர்; எதிர்க்கட்சி உறுப்பினர்களான நாங்களும் சேர்ந்தால் ஆள் போய்விடுவார். ஆனால் எங்கள் கட்சிக் கொறடா குகன் அண்ணை இன்று என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒருத்தரும் கை தூக்கக் கூடாது. தேர்தல் வரைக்கும் கெட்ட பேரோட இந்த ஆள் தலைவர் கதிரையில இருந்தால்தான் நாங்கள் வெல்லலாம்."

"அதுவரைக்கும் பூஞ்சணம் பிடிச்ச அறையில பிள்ளையளோட வீட்டுக்குக் காத்திருக்கிற சனம்?"

"தங்கச்சி, நீர் அரசியல் விளங்காமல் கதைக்கிறீர். மீறினால் அடுத்தமுறை உமக்கு சீட் இல்லை."

"சீட்டை வேற ஆருக்கும் குடுங்கோ அண்ணை. நான் தூக்குவன்."

எலிசபெத் லைன் ரயிலில் வீட்டுக்கு வரும்போது பயம்தான். இருக்கட்டும். நாளைக்கு அந்த மண்டபத்தில் தனியாக என்றாலும் என் கை எழும்பும்.